எச்.ஐ.வி. சிகிச்சை: மருந்து இலவசம், உணவுக்கு என்ன வழி?

நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வதாக தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இவர்களுக்கான கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் முதல் அரசு மையங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆனால், மருந்தை இடைவிடாமல் உட்கொள்ளவும் உடல்நலம் தேறவும் போதிய உணவு அவசியம்.

எவ்வளவு கூடுதலாகத் தேவை?

அறிகுறிகள் இல்லாத நிலையிலும் தொற்றாளரின் உடல் சுமார் 10 சதவீதம் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இது 200 கலோரி. அதாவது ஏறத்தாழ 55 கிராம் அரிசி அல்லது பருப்பு. காசநோய் போன்ற துணைநோய்கள் தாக்கினால் தேவை 20 முதல் 30 சதவீதம் வரை உயரும். எடை குறையும் குழந்தைகளுக்கு 50 முதல் 100 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படலாம்.

எனினும் உணவு மருந்துக்கு மாற்றாகாது. ஊட்டச்சத்து மாத்திரைகளிலும் கவனம் தேவை. தற்போது பரவலாக வழங்கப்படும் டோலுடெக்ராவிர் மருந்தை வெறும் வயிற்றில் இரும்பு அல்லது கால்சியம் மாத்திரையுடன் சேர்த்து உட்கொண்டால், அது உடலில் சேர்வது குறையும். எனவே மருத்துவரிடம் நேர இடைவெளியைக் கேட்டறிய வேண்டும்.

ரேஷன் உரிமை என்ன?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இன்படி, முன்னுரிமைக் குடும்பங்களில் நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடைக்கிறது. அந்த்யோதயா குடும்பங்களுக்கோ உறுப்பினர் எண்ணிக்கை எதுவாயினும் 35 கிலோ. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, எச்.ஐ.வி. தொற்றாளர்களைக் கொண்ட தகுதியான குடும்பங்களை அந்த்யோதயா பட்டியலில் முன்னுரிமை அளித்துச் சேர்க்குமாறு 2009-இல் மத்திய அரசு அறிவுறுத்தியது.

கணவரை இழந்து ஒரு குழந்தையுடன் வாழும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிது: 10 கிலோவுக்குப் பதில் 35 கிலோ. இருப்பினும் தானியம் மட்டும் போதாது. பருப்பு, முட்டை, காய்கறிகளுக்குத் தனியே செலவிட வேண்டும். காசநோயும் இருப்பவர்களுக்கு, சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி நிக்ஷய் போஷண் திட்டத்தின் கீழ் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன் இத்தொகை 500 ரூபாயாக இருந்தது.

தடையாக நிற்கும் அச்சம்

சலுகை கோரினால் தொற்று விவரம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் பலரைத் தயங்க வைக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, பாகுபாட்டைத் தடை செய்கிறது. தொற்றாளரின் விவரங்களைப் பதிவு செய்யும் அமைப்புகள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்றும், நலத்திட்டங்கள் தொற்றாளர்களை எளிதில் சென்றடைய அரசுகள் வழிவகை செய்ய வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால், விண்ணப்பத்தைப் பெறும் அலுவலர் ரகசியம் காத்தால் மட்டுமே இந்த உரிமை நடைமுறையில் பயன் தரும்.

தொற்று, சிகிச்சை தொடர்பான விவரங்களை 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டறியலாம்.