எட்டுப் பேர் இழுத்தால் எட்டு மடங்கு பலமா?

தோட்டத்துத் திடலில் பொங்கல் விளையாட்டுப் போட்டி. சாக்கு ஓட்டம், உறியடி எல்லாம் முடிந்து வெயில் சாயும் நேரத்தில் கயிறு இழுக்கும் போட்டி தொடங்கும். நெகிரி செம்பிலானில் லாபு, சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடந்த போட்டியை நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். யார் வென்றது, யார் வழுக்கி விழுந்தது, யார் கை தோலுரிந்தது எல்லாம் நினைவில் இருக்கும். ஆனால் ஒரு கேள்வியை அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கயிற்றைப் பிடித்த எட்டுப் பேரும் தங்கள் முழுப் பலத்தையும் கொடுத்தார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டு, அளந்தும் பார்த்த ஒருவர் இருக்கிறார். மாக்சிமிலியன் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் அவர். மனிதர் மனத்தை ஆராய வேண்டும் என்பது அவர் நோக்கமல்ல. வயலில் சுமை இழுக்கக் குதிரை நல்லதா, மாடு நல்லதா, ஆள் நல்லதா, இயந்திரம் நல்லதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1880களில் மாணவர்களைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். கயிற்றின் மறுமுனையில் விசையை அளக்கும் கருவியைப் பொருத்தி, ஒருவரைத் தனியாக இழுக்கச் சொன்னார். பிறகு சிலரைச் சேர்ந்து இழுக்கச் சொன்னார். முடிவுகளை 1913இல் வெளியிட்டார்.

இழுத்தல், தள்ளுதல் போன்ற வேலைகளுக்கு அவர் தந்த அட்டவணை வியப்பானது. ஒருவர் தனியாகச் செலுத்தும் விசையை 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் சேர்ந்தால் 200 வர வேண்டும், வந்தது 186. மூன்று பேருக்கு 255. ஏழு பேருக்கு 392. எட்டுப் பேருக்கு? அதே 392. எட்டாவது ஆள் வந்து சேர்ந்தும் குழுவின் மொத்த விசை கொஞ்சம்கூட ஏறவில்லை! ஆளுக்கு 49 என்ற கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து செய்தது நான்கு பேரின் முழு உழைப்புக்கும் சற்றுக் குறைவு.

மீதி பலம் எங்கே போனது?

ஒரு பகுதியை இயற்பியல் பாடத்தை வைத்தே விளக்கலாம். விசைக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. கயிற்றின் கோட்டிலிருந்து 20 பாகை விலகி ஒருவர் இழுத்தால், அவர் விசையில் சுமார் 6 விழுக்காடு வீணாகிவிடும். நேரமும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் மூச்சை இழுக்கும் நொடியில் இன்னொருவர் கயிற்றை இழுத்தால் இருவர் பலமும் ஒன்று சேராது. "ஏலேலோ" என்று தாளம் போட்டுச் சுமை இழுத்தவர்கள் பொழுதுபோக்குக்காகவா பாடினார்கள்? அந்தத் தாளம் எல்லாருடைய விசையையும் ஒரே நொடியில் சேர்க்கும் கருவி. ரிங்கெல்மானும் பெரும்பாலும் இப்படித்தான் நினைத்தார்: குழு ஒருங்கிணையாததால் ஏற்படும் இழப்பு இது.

ஆனால் அது மட்டும்தான் காரணமா? 1974இல் அமெரிக்காவில் ஆலன் இங்கம் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு தந்திரம் செய்தார்கள். சோதனைக்கு வந்தவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் ஆராய்ச்சியாளரின் ஆட்கள். அவர்கள் முக்கி முனகி இழுப்பதுபோல் நடித்தார்களே தவிர இழுக்கவில்லை. ஆக, உண்மையில் இழுத்தவர் ஒருவர் மட்டுமே. திசைச் சிக்கலும் இல்லை, தாளச் சிக்கலும் இல்லை. அப்படியும் "நமக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று நம்பிய உடனே அவர் தனியாக இழுத்ததைவிடக் குறைவாகவே இழுத்தார்.

1979இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிப் லட்டானே, கிப்லிங் வில்லியம்ஸ், ஸ்டீவன் ஹார்கின்ஸ் மூவரும் கயிற்றை விட்டுவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார்கள். காதில் ஒலிக்கருவி மாட்டி, கண்ணைக் கட்டி, "முடிந்த மட்டும் உரக்கக் கத்துங்கள்" என்றார்கள். இன்னொருவரும் தன்னோடு கத்துகிறார் என்று நம்பியவர், தனியாகக் கத்தியதில் 82 விழுக்காடுதான் கத்தினார். ஐந்து பேர் உடன் கத்துவதாக நம்பியவர் 74 விழுக்காடு. இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. குறைத்துக் கொடுத்தவர்களுக்குத் தாங்கள் குறைத்தது தெரியவில்லை. தனியாகவும் சேர்ந்தும் ஒரே அளவு முயன்றதாகவே அவர்கள் நினைத்தார்கள்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் "சமூகச் சோம்பல்" என்று பெயர் வைத்தார்கள். எனக்கு இந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சோம்பல் என்றால் ஒருவருடைய குணம் என்று தோன்றுகிறது. 1981இல் இதே மூவரும் செய்த அடுத்த சோதனை வேறு கதை சொல்கிறது. குழுவில் கத்தும்போதும் ஒவ்வொருவர் குரலும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று சொன்னார்கள். அவ்வளவுதான், சோம்பல் மறைந்துவிட்டது. ஆள் மாறவில்லை, அவர் பங்கு கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் மாறியது.

ஸ்டோரில் இருந்த தராசு

இந்த உண்மை கித்தாத் தோட்டங்களுக்கு எப்போதோ தெரியும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். அந்த நிரையின் மரங்கள் அன்று அவருடைய பொறுப்பு. மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால், அங்கே ஒவ்வொருவர் பாலையும் தனியாக நிறுத்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் பெரிய தொட்டியில் ஊற்றுவார்கள். தொட்டியில் கலந்த பின் யார் பால் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அளவு கலப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

எடை மட்டும் போதாது. கூலியின் ஒரு பகுதி எடையைப் பொறுத்தது என்றால், வாளியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றும் ஆசை யாருக்காவது வரலாம் அல்லவா? கித்தாப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். ஒருவர் 35 விழுக்காடு ரப்பர் உள்ள பால் 20 கிலோ கொண்டுவருகிறார் என்போம். அதில் உலர் ரப்பர் 7 கிலோ. நான்கு கிலோ தண்ணீர் சேர்த்தால் எடை 24 கிலோ ஆகும். ஆனால் ரப்பரின் பங்கு 29 விழுக்காட்டுக்கு இறங்கும். பெருக்கிப் பாருங்கள், அதே 7 கிலோதான். இதைக் கண்டுபிடிக்க மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி உண்டு. ரப்பர் துகள் தண்ணீரைவிட இலேசானது. எனவே தண்ணீர் கூடக் கூடப் பாலின் அடர்த்தி ஏறும், கருவி மேலே எழும்பி மிதக்கும். நம் பள்ளியில் படிக்கும் ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான்.

அக்பர் பீர்பால் கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரவில் ஆளுக்கு ஒரு குடம் பால் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று கட்டளை. எல்லாரும் பால் ஊற்றும்போது நாம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைக்க, விடிந்து பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் தராசும் இல்லை, மெட்ரோலாக்கும் இல்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் நிறுத்துவிட்டால் போதுமா? அங்கேதான் சிக்கல். ஸ்டோர்த் தராசு செக்ரோலில் பெயர் உள்ளவரின் பாலைத்தான் நிறுத்தது. அந்தக் காலத்தில் அந்த வாளி நிறையப் பெயர் இல்லாத கைகளும் உழைத்தன. மங்கு துடைத்த பிள்ளைகள், ஒட்டுப்பால் உருவிய பாட்டி, விடிகாலையில் எழுந்து எல்லாருக்கும் சமைத்துக் கட்டிக்கொடுத்த அம்மா. அவர்களுக்குத் தராசில் இடமில்லை. உங்கள் குழுத் திட்டப்பணியிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஃபோலியோவில் எந்தப் பக்கத்தையும் அவர் எழுதியிருக்க மாட்டார். ஆனால் சண்டை போட்ட இருவரைச் சமாதானம் செய்தவரும், "நாளைக்குக் கடைசி நாள்" என்று எல்லாருக்கும் நினைவூட்டியவரும் அவராக இருக்கலாம். பக்கங்களை எண்ணி மதிப்பெண் பிரித்தால் அவருக்குச் சுழியம்தான் கிடைக்கும்.

செம்பனையில் கணக்கு வேறு

நெகிரி செம்பிலானில் பல கித்தாக் காடுகள் பின்னர் செம்பனைக் காடுகளாயின. வேலையின் அமைப்பும் மாறியது. ஒருவர் நீண்ட கம்பில் பொருத்திய அரிவாளால் குலையை அறுப்பார். இன்னொருவர் மட்டையை ஒதுக்கி, உதிரிப் பழத்தைப் பொறுக்கி, குலையைச் சாலை ஓரத்துக்குத் தள்ளுவண்டியில் சேர்ப்பார். பல நேரம் கணவனும் மனைவியுமாகச் செய்த வேலை இது. ஒருவர் நின்றால் மற்றவர் வேலையும் நின்றுவிடும்.

குழு வேலைகளை இப்படி வகை பிரித்தவர் இவான் ஸ்டைனர் என்ற அமெரிக்க உளவியலாளர். கயிறு இழுப்பது கூட்டல் கணக்கு. செம்பனை வேலையோ சங்கிலி போன்றது. மெதுவான கண்ணியின் வேகமே குழுவின் வேகம். இந்த இரண்டாவது வகையில் ஆச்சரியமான ஒன்று நடக்கும். 1926இல் ஜெர்மானியரான ஓட்டோ கோலர், பெர்லின் படகோட்டிகளை வைத்து எடை தூக்கச் செய்தார். இருவர் சேர்ந்து ஒரே எடையைத் தூக்க வேண்டும். ஒருவர் கைவிட்டால் மற்றவரால் தொடர முடியாது. பலம் குறைந்தவர், தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்! தன்னால் கூட்டாளியின் உழைப்பு வீணாகக் கூடாது என்ற உணர்வு அவரை இழுத்துப் பிடித்தது. ஆனால் இருவர் பலமும் ஏறக்குறைய சமமாக இருந்தாலோ, மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தாலோ இந்தப் பயன் குறைந்தது. வேறுபாடு நடுத்தரமாக இருந்தபோதுதான் மிகுந்தது. அடுத்த முறை வகுப்பில் குழு பிரிக்கும்போது ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பத்து வெள்ளி

எட்டுப் பேர் இருக்கும்போதே பலம் பாதியாகிறது என்றால், ஆயிரக்கணக்கான பேர் எப்படிச் சேர்ந்து செயல்பட முடியும்? தொழிற்சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கம் பேசி வாங்கும் கூலி உயர்வு சந்தா கட்டாதவருக்கும் கிடைக்கும் என்றால், நான் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்ற எண்ணம் வரத்தானே செய்யும்? அமெரிக்கப் பொருளியலாளர் மன்கூர் ஓல்சன் 1965இல் எழுதிய நூல் இதைப் பற்றியதுதான்: குழு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவரும் பிறர்மேல் பாரத்தைப் போடுவது எளிதாகிறது.

ஆனாலும் சங்கங்கள் எழுந்தன. 1946இல் நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்துப் பணியைத் தொடங்கியவர் பி.பி. நாராயணன். 1954இல் பல சங்கங்கள் ஒன்றாக இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் பொதுச் செயலாளர் அவர். 1960இல் இன்னொரு முயற்சி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த நேரம் அது. துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி போட்டுத் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று அழைத்தார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படித்தான் அதன் கைக்கு வந்தது.

ஓல்சன் சொன்ன சிக்கல் இவற்றை ஏன் மூழ்கடிக்கவில்லை? என் கருத்து இது. பெரிய குழு, சிறிய குழுக்களின் மேல் நின்றது. சங்கத்தின் வேர் அந்தந்தத் தோட்டத்தில் இருந்தது; லயத்தில் ஒருவரை ஒருவர் அறியாதவர் இல்லை. கூட்டுறவில் ஒவ்வொருவர் பணமும் அவரவர் பெயரில் பங்காகப் பதிவானது. தொட்டி பெரிதுதான், ஆனால் ஊற்றுவதற்கு முன் யார் குடத்தில் எவ்வளவு என்று எழுதி வைத்தார்கள்.

இனி உங்கள் குழுவுக்கு வருவோம். ஐந்து பேர் சேர்ந்து முடித்த வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், "இந்த வேலையில் என் பங்கு எத்தனை விழுக்காடு?" என்று ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள். பிறகு ஐந்து எண்களையும் கூட்டுங்கள். பெரும்பாலும் 100ஐத் தாண்டும். கனடாவில் மைக்கல் ரோஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியரிடம் வீட்டு வேலையைப் பற்றி இப்படித் தனித்தனியாகக் கேட்டார்கள். அங்கும் இருவர் சொன்ன பங்கைக் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் முழு அளவைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நான் கண்விழித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் விழித்த இரவில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டுத்தொகை 100ஐத் தாண்டியதும் யாரும் யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். தாளைத் திருப்பி, மற்ற நால்வரும் செய்ததில் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைப் பெயர் போட்டு எழுதுங்கள். யாருடைய பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் தோன்றவில்லையோ அவரிடம் போய், "நீ என்ன செய்தாய்?" என்று குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல் கேளுங்கள். அவர் உண்மையிலேயே ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். நீங்கள் பார்க்காத நேரத்தில் மங்கு துடைத்தவராகவும் இருந்திருக்கலாம்.