ஒரு இறாத்தல் ஈயத்தில் பன்னிரண்டு

பீற்றர்பரோவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவரோடு வேலை செய்யும் நண்பர், காலமான தகப்பனின் நிலக்கீழ் அறையில் கிடந்த பழைய ஒற்றைக்குழல் ஷொட்கன் ஒன்றை 120 டொலருக்குத் தருவதாகச் சொல்கிறாராம். 'வருசத்தில் இரண்டு மூன்று தரம்தான் கிரவுஸ், முயல் என்று காட்டுக்குப் போவேன் அண்ணை. இதற்காகப் புதுத் துவக்கு வாங்க வேணுமா? இதை நம்பி எடுக்கலாமா?' என்று கேட்டு இரண்டு படங்களும் இணைத்திருந்தார். பாதுகாப்பு வகுப்பு, வேட்டை வகுப்பு இரண்டையும் முடித்து அனுமதிப்பத்திரம் எடுத்தவர் அவர். ஆகவே அங்கே படித்துக் கொடுத்ததைத் திரும்ப எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2022 மே மாதத்திலிருந்து, இந்த வகைத் துவக்கைக் கைமாற்றும்போதும் விற்பவர் உங்கள் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்று கனடாவின் மத்திய பொலிசான ஆர்சிஎம்பியின் துவக்குப் பதிவாளரிடம் உறுதிப்படுத்தி, அதற்கான இலக்கத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கூட வேலை செய்கிற ஆள்தானே என்று காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டுப் போவது குற்றம்.

படத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தோசமாகிவிட்டது. குழலில் கூயி மொடல் 84 என்று பொறித்திருக்கிறது. கனடாவில் பழைய துவக்குக் கடை எதற்குள் நுழைந்தாலும் மூலையில் சாத்தியிருக்கும் ஏழைகளின் துவக்கு அது. ஹேர்பேர்ட் கூயி 1903இல் ரொறொன்ரோவில் தொடங்கிய தொழிற்சாலை 1929இல் ஒன்ராறியோ ஏரிக்கரையிலுள்ள கோபேர்க் நகரத்துக்கு இடம் மாறியது. 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போகிற நாங்கள் எல்லோரும் நிற்காமல் தாண்டிப் போகும் ஊர். 1961இல் வின்செஸ்ரரின் தாய் நிறுவனம் அதை வாங்கியது. எழுபதுகளின் முடிவோடு உற்பத்தி நின்றது. பண்ணைக்காரரும் பொறி வைத்துப் பிழைத்தவர்களும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த சாமான் இது. அலங்காரம் ஒன்றும் கிடையாது. நடுவில் மடித்துத் திறந்து ஒரு தோட்டாவைப் போட்டு மூடி, குதிரையைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தால் சுடத் தயார். மடித்து வைத்திருந்தால் அது சுடாது என்பது தூரத்தில் நிற்கிறவருக்கும் தெரியும். முதல் துவக்குக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

இனி அந்தப் படத்தில் தெரியும் '12' என்ற இலக்கத்துக்கு வருகிறேன். பல வருசமாக என்னைப் பிடித்து வைத்திருக்கும் விசயம் இது. மில்லிமீற்றரா, அங்குலமா? இரண்டும் இல்லை. ஒரு இறாத்தல் ஈயத்தை உருக்கிப் பன்னிரண்டு சம உருண்டைகள் செய்தால், அதில் ஒன்று இந்தக் குழலுக்குள் அச்சொட்டாகப் பொருந்தும். அதுதான் 12 கேஜ். ஊரில் என் பெரியப்பாவின் காலத்து ஆட்கள் 12 போர் என்பார்கள். இருபது உருண்டைகள் செய்தால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். அது பொருந்துகிற குழல் 20 கேஜ். குழலுக்குள் செருகி அளக்கத் துல்லியமான கருவிகள் இல்லாத காலத்தில், தராசும் ஈயமும் எல்லாப் பட்டறையிலும் இருந்தன. பெரிய பீரங்கிகளைக் குண்டின் எடையால் அழைத்தார்கள். பன்னிரண்டு இறாத்தல் குண்டு போடும் பீரங்கி என்று. கைத்துவக்கின் குண்டு ஒரு இறாத்தல்கூட வராது. ஆகவே இறாத்தலுக்கு எத்தனை என்று எண்ணினார்கள்.

இலக்கம் கூடக் கூடக் குழல் சிறுக்கும் என்பது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். எனக்கு இது விளங்கியது ஸ்காபரோவில் மீன் கடை ஒன்றில். உறைந்த இறால் பெட்டியில் 16/20, 21/25, 31/40 என்று போட்டிருக்கும். இறாத்தலுக்கு எத்தனை இறால் நிற்கும் என்ற கணக்கு அது. விருந்தாளி வருகிற நாளில் என் மனைவி 16/20 எடுப்பார். வெறும் சொதிக்கு 31/40 போதும். நெசவுக்காரரின் நூல் இலக்கமும் இப்படித்தான்: குறிப்பிட்ட நீளம் கொண்ட எத்தனை கழிகள் ஒரு இறாத்தலுக்கு வரும் என்பது. நூறாம் இலக்க நூல் வேட்டி நாற்பதாம் இலக்கத்தைவிட மெல்லியதாக இருப்பது அதனால்தான். இறாலும் வேட்டியும் துவக்கும் ஒரே கணக்கில் நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது. துவக்குகளில் .410 என்ற வகை இதற்கு விதிவிலக்கு. அது நேரே அங்குல அளவு. உருண்டைக் கணக்கில் பார்த்தால் இறாத்தலுக்கு அறுபத்தேழு வரும்.

இந்தக் கணக்கு தெரியாமல் இருப்பது உயிருக்கு ஆபத்தாகவும் முடியும். 12 கேஜ் குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீற்றர். 20 கேஜ் 15.6. சட்டைப்பையில் இரண்டு வகையும் கலந்து கிடந்து, அவசரத்தில் 20 கேஜ் தோட்டாவை 12 கேஜில் போட்டால் அது வெளியே விழாது. உள்ளே வழுக்கிப்போய், தோட்டா அறைக்கு அப்பால் குழல் ஒடுங்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். சுட்டால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். தோட்டா போட மறந்துவிட்டேன் என்று நினைத்து அதற்குப் பின்னால் சரியான 12 கேஜ் தோட்டாவைப் போட இடமிருக்கும். அதைச் சுட்டால் குழல் வெடிக்கும். வெடிக்கிற இடம், முன்னால் குழலைத் தாங்கிப் பிடிக்கிற கை இருக்கும் இடம். இதற்காகவே 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஒரு வீட்டில் இரண்டு கேஜ் துவக்குகள் இருந்தால் தோட்டாக்கள் வேறு வேறு பெட்டியில், வேறு வேறு சட்டையில் இருக்கவேண்டும். பழைய துவக்கோடு 'இதையும் எடுத்துக்கொள்' என்று ஒரு வாளி தோட்டா தருவார்கள். அதை வாங்க வேண்டாம் தம்பி.

அடுத்தது தோட்டாவின் நீளம். குழலில் கேஜுக்குப் பக்கத்தில் 2¾ என்றோ 3 என்றோ அங்குல அளவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இதிலும் ஒரு மறைவான சங்கதி உண்டு. தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்ட பிறகு வருகிற நீளம். சுடுவதற்கு முன் அதன் வாய், ஓலைப்பெட்டியின் மூலை மடிப்புப்போல உள்ளே மடிந்திருக்கும். அதனால் 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல அறைக்குள் சொகுசாகப் போய் உட்காரும், துவக்கும் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் போதாமல் குழல் ஒடுங்கும் பகுதியை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் எகிறும். உள்ளே போகிறது என்பதற்காகப் போட்டுச் சுடுகிற ஆட்களால் கெட்டுப்போன பழைய துவக்குகள் ஏராளம். பொறிப்பு தேய்ந்திருந்தால் நீங்களாக ஊகிக்காமல், துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்து அறையை அளக்கச் சொல்லுங்கள்.

குழலின் வாயையும் பாருங்கள். துவக்கை மடித்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, ஒரு பத்துச் சத நாணயத்தைக் குழல்வாயில் வைத்துப் பார்க்கலாம். நாணயத்தின் விட்டம் 18 மில்லிமீற்றர். சாதாரண 12 கேஜ் குழலுக்குள் அது இறங்கும். மேலேயே நின்றுவிட்டால், வாய் ஒடுக்கமாகக் கடைந்திருக்கிறது என்று அர்த்தம். இதைத்தான் சோக் என்பார்கள். தோட்டத்துக் குழாயின் வாயைப் பெருவிரலால் அமர்த்தினால் தண்ணீர் சிதறாமல் தூரம் போகிறதல்லவா, தோட்டாவிலிருந்து பறக்கும் சிறு குண்டுகளான சன்னங்களுக்கு அந்த வேலையை இது செய்கிறது. முழுச் சோக் என்பதே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஒடுக்கம்தான். அந்த ஒரு மில்லிமீற்றரால், நாற்பது யார் தூரத்தில் முப்பது அங்குல வட்டத்துக்குள் விழுகிற சன்னங்கள் நூற்றுக்கு நாற்பதிலிருந்து எழுபதாகக் கூடுகின்றன. பழைய ஒற்றைக்குழல்களில் பெரும்பாலும் முழுச் சோக்கே இருக்கும். பற்றைக்குள்ளிருந்து பத்துப் பதினைந்து யாரில் வெடித்துக் கிளம்பும் கிரவுஸுக்கு அது தேவைக்கு மேல் இறுக்கம். ஒன்றில் தவறிப்போகும், அல்லது பறவை சிதைந்துபோகும்.

அந்த ஒடுங்கிய வாயால் இன்னொரு சிக்கலும் உண்டு. கனடாவில் 1999இலிருந்து வாத்து, தாரா போன்ற வலசைப் பறவைகளை ஈயச் சன்னத்தால் சுடக்கூடாது. பலகாலம் சதுப்புகளில் கொட்டிய சன்னங்களைச் சிறு கல் என்று நினைத்து வாத்துகள் விழுங்கின. அரைப்பையில் ஒன்றிரண்டு சன்னம் தேய்ந்து கரைந்தாலே ஒரு வாத்து மெல்ல மெல்லச் சாகலாம். செத்ததைத் தின்ற கழுகுகளும் செத்தன. ஆகவே உருக்குச் சன்னம் வந்தது. ஈயம் மெதுமையானது, நசுங்கி வழிவிடும். உருக்கு நசுங்காது. பழைய முழுச் சோக் குழலில் உருக்கைச் சுட்டால் வாய் புடைக்கலாம். பழைய துவக்குக்கு ஏற்ற பிஸ்மத் சன்னம் இருக்கிறது, ஆனால் அது விலை கூடியது. 120 டொலர்த் துவக்கை எடுத்துக்கொண்டு வாத்துக்குப் போனால், துவக்கில் மிச்சம் பிடித்ததைத் தோட்டாவில் விட்டுவிடுவீர்கள். கிரவுஸ், முயல் என்று எழுதியிருந்தீர்கள், அவற்றோடு நில்லுங்கள். அவற்றுக்கு ஈயத்தைச் சட்டம் அனுமதித்தாலும் இறைச்சியைச் சமைக்கிறவர் சன்னம் பட்ட இடத்தை நன்றாக வெட்டி எறிய வேண்டும். பிள்ளைகள் சாப்பிடுகிற வீடென்றால் இன்னும் கவனம்.

துவக்கு நல்லதா கெட்டதா என்பதை எனக்குக் காட்டித்தந்தவர் முள்ளியவளையில் இருந்த பெரியப்பா. பன்றி வயலுக்குள் இறங்காமல் காக்க அரசாங்க அனுமதியோடு அவரிடம் ஒரு 12 போர் ஒற்றைக்குழல் இருந்தது. சுட்டாலும் சுடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழற்றி, குழலுக்குள் துணியை இழுத்து, தையல் மெசின் எண்ணெய் பூசுவார். பிறகு கழற்றிய குழலை வானத்துக்கு நேரே பிடித்து எங்களைப் பார்க்கச் சொல்வார். உள்ளே வெளிச்சம் வட்டத்துக்குள் வட்டமாக, கிணற்றில் கல் விழுந்த அலைபோல நிற்கும். "வட்டம் எங்கேயாவது நெளிஞ்சால் அந்தத் துவக்கைத் தொடாதையடா" என்பார். தம்பி, நீங்களும் அப்படியே குழலைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். குறுக்கே கறுப்பு வளையம் தெரிந்தால் குழல் எப்போதோ புடைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிறு புள்ளிகளாகத் துரு இருந்தால் திருத்துபவரின் தீர்ப்பைக் கேளுங்கள். திரும்பப் பூட்டி மூடிய பிறகு குழலும் உடலும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கக்கூடாது. சோங்கு கையால் பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். குதிரை இழுத்த இடத்தில் நிற்க வேண்டும். விசையைத் தொடாமல் தள்ளினால் விழக்கூடாது. குளிரில் விறைத்த பெருவிரலிலிருந்து குதிரை நழுவுவது இந்த வகைத் துவக்கில் எல்லோரும் பயப்பட வேண்டிய விசயம். ஆகவே பறவை எழும்புகிற வரை அதை இழுக்காதீர்கள்.

இடைக்கிடை வேட்டைக்குப் போகிறவர்களிடம்தான் துவக்குகள் அதிகம் கெட்டுப்போகின்றன என்பது என் அனுபவம். தினமும் பாவிக்கிறவர் தினமும் துடைக்கிறார். வருசத்தில் இரண்டு தரம் போகிறவர் நவம்பர் குளிரில் நனைந்த துவக்கைப் பஞ்சு வைத்த உறைக்குள் போட்டு மூடி, அடுத்த இலையுதிர் காலம் வரை மறந்துவிடுகிறார். வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் உங்கள் மூக்குக்கண்ணாடி புகார் பிடிக்கிறதல்லவா? துவக்கின் ஒவ்வொரு இரும்பும் அப்படியே வியர்க்கும், குழலின் உட்புறமும் சேர்த்து. உறைக்குள் அந்த ஈரம் போக வழியில்லை. நிலக்கீழ் அறைகளிலிருந்து வருகிற கூயிகளில் பாதிக்கு நோய் இதுதான். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுங்கள், அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள், துடையுங்கள், எண்ணெய் பூசுங்கள். பிறகு சட்டம் சொல்கிறபடி தோட்டா இல்லாமல் பூட்டி வையுங்கள்.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழல் சுத்தமாகவும் பூட்டு இறுக்கமாகவும் இருந்தால் 120 டொலர் தாராளமாகக் கொடுக்கலாம். வாங்குவதற்கு முன் துவக்குத் திருத்துபவருக்குக் கொடுக்கிற காசையும் அந்த விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு செலவும் உண்டு. ஒரு பெட்டி தோட்டா வாங்கி, முதலில் நாற்பது அங்குலத் தாள் ஒன்றை வெவ்வேறு தூரத்தில் வைத்துச் சுட்டு, உங்கள் துவக்கு சன்னத்தை எப்படி வீசுகிறது என்று பாருங்கள். பிறகு பக்கத்திலுள்ள சங்கத்துக்குப் போய்ப் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகுங்கள். பாரமில்லாத ஒற்றைக்குழல் தோளில் நன்றாக உதைக்கும். அந்த உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிற பழக்கம் தட்டுகளோடேயே போகட்டும். பழகாத கையால் அடிபட்டு, சாகாமல் பற்றைக்குள் போய் விழும் பறவையை நாய் இல்லாமல் உங்களால் தேடி எடுக்க முடியாது. பத்துத் தட்டில் குறைந்தது ஆறு உடைகிற நாள் வரை காட்டுக்குப் போகாதீர்கள் தம்பி.