555 டைமர் ஐ.சி.

555 டைமர் என்பது குறிப்பிட்ட கால அளவை உண்டாக்கவும், சீரான இடைவெளியில் மின் துடிப்புகளைத் தரவும் பயன்படும் ஓர் ஒருங்கிணைந்த சுற்று (ஐ.சி.) ஆகும். விளக்கு மினுக்கி, எச்சரிக்கை மணி, நேரத்தாமத சுவிட்சு போன்றவற்றில் இது பயன்படுகிறது. தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் செய்யும் வழக்கமான சோதனைகளுள் இதுவும் ஒன்று.

வரலாறு

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கேமன்சின்ட், அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக 1971-இல் இதை வடிவமைத்தார். முதல் வடிவத்துக்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. உள்ளே இருந்த மாறா மின்னோட்ட மூலத்தை நீக்கி, வெளியே ஒரு மின்தடையத்தை இணைத்தால் போதும் என்று அவர் கண்டதும் கால்கள் எட்டாகக் குறைந்தன. 1972-இல் இது விற்பனைக்கு வந்தது.

செயல்படும் முறை

சில்லின் உள்ளே சம அளவுள்ள மூன்று மின்தடையங்கள் தொடராக இணைந்துள்ளன. இவை மின்வழங்கலின் அழுத்தத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. 9 வோல்ட் கொடுத்தால் 3 வோல்ட், 6 வோல்ட் என இரண்டு எல்லைகள் கிடைக்கும். ஒவ்வோர் எல்லையையும் ஓர் ஒப்பீட்டுச் சுற்று கண்காணிக்கிறது.

பொத்தானை அழுத்தும்போது 2-ஆம் காலின் அழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். உடனே உள்ளிருக்கும் ஃபிளிப்-ஃபிளாப் நிலை மாறி, 3-ஆம் காலில் வெளியீடு உயரும். வெளியே உள்ள மின்தேக்கி, மின்தடையம் வழியாக மின்னேற்றம் பெறத் தொடங்கும். அதன் அழுத்தம் 6 வோல்ட்டை எட்டியதை 6-ஆம் கால் உணர்ந்ததும் வெளியீடு தாழும். 7-ஆம் கால் வழியாக மின்தேக்கி மின்னிறக்கம் பெறும்.

காலம் (நொடி) = 1.1 × மின்தடை (ஓம்) × மின்தேக்குத்திறன் (ஃபாரட்)

எடுத்துக்காட்டாக, 1 மெகா ஓம் மின்தடையமும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் 11 நொடி கிடைக்கும். மின்கலம் தளர்ந்து 6 வோல்ட் ஆனால் எல்லைகளும் 2, 4 வோல்ட் எனக் குறையும். மின்தேக்கி ஏறும் வேகமும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே கால அளவு ஏறத்தாழ மாறாது. இதுவே இச்சில்லின் சிறப்பு.

பெயர்க்காரணம்

உள்ளிருக்கும் மூன்று மின்தடையங்களும் 5 கிலோ ஓம் அளவுடையவை என்பதால் 555 என்னும் பெயர் வந்தது எனப் பலரும் எழுதுகின்றனர். ஆனால் இந்த எண்ணைத் தேர்ந்தவர் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் மேலாளர் ஆர்ட் ஃபியூரி என்றும், அதற்குத் தனிக்காரணம் இல்லை என்றும் கேமன்சின்ட் தம் நேர்காணலில் தெரிவித்துள்ளார். சில்லின் செயலுக்கும் 5 கிலோ ஓம் என்ற அளவு கட்டாயமன்று. மூன்றும் சமமாக இருப்பதே தேவை. பின்னர் வந்த சீமாஸ் வகைகளில் இதைவிடப் பெரிய மின்தடையங்கள் உள்ளன. அவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு, இரு பங்கு என்னும் எல்லைகளே பின்பற்றப்படுகின்றன.