ஃபீடர் வாங்கும் முன் யோசிப்போம்!

குழுக்கடனில் பட்டறை நடத்தும் உறுப்பினர்கள் பலர் "ஃபீடர் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். தகட்டையோ கம்பியையோ தானாக மெஷினுக்குள் தள்ளிக் கொடுக்கும் கருவிதான் ஃபீடர். விரல் நசுங்கும் ஆபத்து குறையும். ஆனால் கடன் தவணை கூடும்.

எதற்கு எது?

* சுருள் தகடு, பவர் பிரஸ்: ரோல் ஃபீடர்.
* நீளக் கம்பி: பார் ஃபீடர். இது ஆட்டோமேட்டிக், சி.என்.சி. லேத்துக்குத்தான். கையால் ஓட்டும் லேத்துக்கு உதவாது.
* உதிரித் துண்டுகள்: அதிரும் கிண்ண ஃபீடர்.

வேகமும் பாருங்க. பிரஸ் நிமிடத்துக்கு 60 முறை இறங்கி, ஒவ்வொரு முறையும் 30 மி.மீ. தகடு எடுத்தால், நிமிடத்துக்கு 1.8 மீட்டர் வேணும். பிரஸ் மேலே இருக்கும் நேரத்தில்தான் தகடு நகரும். அதனால் ஏறக்குறைய இரு மடங்கு வேகமுள்ள ஃபீடராகக் கேளுங்க.

ஒரே பொருளுக்குத் தொடர்ந்து ஆர்டர் இருந்தால்தான் முதல் திரும்பும். வாரம் ஒரு பொருள் மாறினால், செட்டிங் செய்யவே நேரம் போயிடும். அவர்களுக்குத் தடுப்புக் கம்பியும் இடுக்கியும் போதும்.

உங்க தகட்டையே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்த பிறகு, குழுவில் தீர்மானம் போட்டுப் பணம் கட்டுங்க. ஃபீடர் வந்தாலும் தடுப்பைக் கழற்றாதீங்க!