தடுப்பாட்டத்துக்கும் கணக்கு உண்டு

பாரதிதாசன் பல்கலைக்கழகக் கல்லூரிகள் மோதும் கூடைப்பந்துப் போட்டி என்றால், யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதே பேச்சு. எந்த அணியின் தடுப்பு கெட்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓர் அணி 60 புள்ளி விட்டுக்கொடுத்தது, இன்னொன்று 54 என்று வையுங்கள். இரண்டாவது அணிதான் கெட்டி என்று தோன்றும். பொறுங்கள். முதல் அணியின் எதிராளிகளுக்குப் பந்து 80 முறை கிடைத்தது. இரண்டாவது அணியின் எதிராளிகளுக்கு 60 முறைதான். 100 முறைக்கு என்று கணக்குப் போட்டால், முதல் அணி விட்டது 75, அடுத்தது 90! மொத்த மூட்டையை வைத்தா வயலை மெச்சுவோம்? ஒரு மா நிலத்துக்கு எத்தனை கண்டது என்றுதானே கேட்போம்.

பந்து எத்தனை முறை கிடைத்தது என்று எப்படி எண்ணுவது? எதிரணி கூடைக்கு எறிந்த எண்ணிக்கையிலிருந்து, தவறிய பந்தை அவர்களே மீட்ட எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். அவர்கள் பறிகொடுத்த பந்துகளையும், ஃப்ரீ த்ரோக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் கூட்ட வேண்டும். பந்து கிடைத்த முறை வந்துவிடும். அமெரிக்கர் டீன் ஆலிவரின் 2004ஆம் ஆண்டு நூல் இவ்வகைக் கணக்கைப் பரவலாக்கியது.

இது அணிக்கான கணக்கு; தனி ஆட்டக்காரரின் தடுப்புக்கு? பந்தைப் பறித்தால் கைதட்டு விழும். எதிராளியை 24 விநாடியும் திணறடித்து, கோணல் எறிக்குத் தள்ளுபவருக்கு ஸ்கோர் ஷீட்டில் கட்டமே இல்லை.