நாகூர் ஹனிபாவின் குரல்

கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம், நாகப்பட்டினம் வழியாக வடக்கே போனால் நாகூர். அந்த ஊர்ப் பெயரை உலகத் தமிழர் காதில் ஒலிக்க வைத்தவர் இ.எம். ஹனிபா. 1925 டிசம்பர் 25-இல் பிறந்தவர். தலையில் உயரமான தொப்பியோடு மேடையேறி, உச்ச சுருதியில் அவர் குரலெடுத்தால் கடைசி வரிசைவரை கணீரென்று போய்ச் சேரும். அத்தனை உயரத்திலும் ஒரு சொல்கூடச் சிதையாது; அதுதான் அவருடைய பெரும்பலம். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடலை மத வேறுபாடு பாராமல் தமிழர்கள் தங்கள் பாட்டாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

திராவிட இயக்க மேடைகளிலும் அவர் பாட்டுக்கென்றே கூட்டம் கூடியது. சினிமாவில் பாடியது குறைவு. ஆனாலும் 1961-இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடினார். 1992-இல் ‘செம்பருத்தி’க்காக இளையராஜா இசையிலும் பாடினார். இடையில் முப்பது ஆண்டுகள், குரலின் கம்பீரம் மட்டும் குறையவில்லை. சட்ட மேலவை உறுப்பினராகவும் வக்ஃபு வாரியத் தலைவராகவும் இருந்தவர், 2015 ஏப்ரல் 8-இல் காலமானார்.

உங்கள் வீட்டுப் பரணில் அவருடைய பழைய இசைத்தட்டோ கேசட்டோ கிடந்தால், தயவுசெய்து பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள், பத்திரப்படுத்துங்கள்.