இளம் பறவைகளின் கல்லீரலில் கொலஸ்டிரால் உருவாக்கும் நொதி: கோழிக்குஞ்சும் கூழைக்கடாக் குஞ்சும்

முன்னுரை

மீஞ்சூர் ஒன்றியத்து மீனவ ஊர்களை ஒட்டிய பழவேற்காடு ஏரியில் இரைதேடும் கூழைக்கடாக்கள் ஆந்திர மாநிலம் நேலப்பட்டில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அக்குஞ்சுகளின் உணவு மீன். ஆனால் இளம் பறவைகளின் கல்லீரல் நொதிகள் பற்றிய அறிவு பெரிதும் தானியம் உண்ணும் கோழிக்குஞ்சிலிருந்து பெறப்பட்டது. அது ஏரிப் பறவைக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நொதியின் இயல்பு

கல்லீரல் உயிரணுவின் எண்டோபிளாச வலைப்பின்னல் சவ்வில் அமைந்தது எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ். இந்நொதி 2 என்.ஏ.டி.பி.எச். மூலக்கூறுகளைச் செலவிட்டு மெவலோனேட்டை உண்டாக்குகிறது. கொலஸ்டிரால் உருவாக்கத்தின் வேகத்தை வரையறுக்கும் படிநிலை இதுவே. பாஸ்பேட் இணைந்தால் நொதி செயலடங்கும். நீங்கினால் மீண்டும் செயல்படும். உயிரணுவில் கொலஸ்டிரால் மிகும்போது நொதியின் உற்பத்தி குறையும். இருக்கும் நொதியும் விரைந்து சிதைக்கப்படும்.

கோழிக்குஞ்சில் நொதியின் போக்கு

21 நாள் அடைகாப்பில் கரு தனக்கு வேண்டிய கொலஸ்டிராலைப் பெரும்பாலும் மஞ்சள் கருவிலிருந்தே பெறுகிறது. அது கல்லீரலில் எஸ்டராகச் சேர்கிறது. எனவே பொரிக்கும் வேளையில் ரிடக்டேஸின் செயல்திறன் மிகக் குறைவு. எஞ்சிய மஞ்சள் கரு சில நாள்களில் தீர்கிறது. அதன்பின் கொலஸ்டிரால் இல்லாத தானியத்தால் வளரும் குஞ்சில் நொதியின் செயல்திறன் உயர்கிறது. தீவனத்தில் கொலஸ்டிரால் சேர்த்தால் அவ்வுயர்வு தடைபடுகிறது.

முடிவுரை

மீனில் கொலஸ்டிரால் உண்டு. ஆகவே கூழைக்கடாக் குஞ்சில் மஞ்சள் கரு தீர்ந்த பின்னும் நொதி அடங்கியிருக்க வாய்ப்புண்டு. கோழிக்குஞ்சின் அளவீடுகளை ஏரிப் பறவைக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. வயதோடு உணவையும் சேர்த்தே ஒப்பிடல் வேண்டும்.